குறைமாதக் குழந்தையின் நடத்தைப் பரிசோதனை: அந்த ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி: என் மகன் 30 வாரத்தில், 1 கிலோ 250 கிராம் எடையில் பிறந்தான். ஆறு வாரம் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யூ.) இருந்தான். முதல் வாரம் எடுத்த தலை ஸ்கேனில் ‘கிரேடு 1 ரத்தக் கசிவு’ என்றார்கள். வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தின நாள் நடத்தைப் பரிசோதனை என்று ஒன்று செய்தார்கள். ‘ஹாபிச்சுவேஷன் புவர், ஓரியன்டேஷன் புவர், ட்ரெமர்ஸ், கால்களில் டோன் கொஞ்சம் அதிகம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். அன்று காலையில்தான் கண் பரிசோதனையும் நடந்தது. இப்போது அவனுக்கு 5 மாதம் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டில் அதே வாரம் பிறந்த குழந்தை குப்புற விழுகிறது. இவனுக்குத் தலையே சரியாக நிற்கவில்லை. “காலை நல்லா நீவி, இழுத்துக் குளிப்பாட்டினா எல்லாம் சரியாயிடும்” என்கிறார் மாமியார். கணவருக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலை, அடிக்கடி லீவு போட முடியாது. அந்த ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தாலே அன்றைக்குத் தூக்கம் போய்விடுகிறது. என் பிள்ளை நடப்பானா?
- ஒரு தாய், குடியாத்தம்

அன்புச் சகோதரிக்கு,

‘நடப்பானா’ என்பதற்கு அந்த ஒரு தாளில் பதில் இல்லை. இருப்பதாக நினைத்துத்தான் இத்தனை நாள் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறீர்கள். பதிலைத் தேட மிகவும் உகந்த வாரங்கள் உங்களுக்கு இப்போதுதான் தொடங்கியிருக்கின்றன. இன்றிலிருந்து ஏறக்குறைய நான்கு வாரம். அதை நழுவவிட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் வயதுக் கணக்கைச் சரிசெய்துகொள்வோம். நிறைமாதம் என்பது 40 வாரம். உங்கள் மகன் 30 வாரத்தில் பிறந்தான், அதாவது 10 வாரம் முன்னால். பிறந்து 5 மாதம் என்றால் சுமார் 22 வாரம். அதில் 10 வாரத்தைக் கழித்தால் 12 வாரம். வளர்ச்சியைப் பொறுத்தவரை அவன் மூன்று மாதம்கூட முழுதாக நிறையாத குழந்தை. இதைத் திருத்திய வயது என்போம், ரிப்போர்ட்டுகளில் ‘கரெக்டட் ஏஜ்’ என்று இருக்கும். இரண்டு வயது முடியும்வரை தலை நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது, நடப்பது என எல்லாவற்றையும் இந்தக் கணக்கில்தான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை நிறைமாதத்தில் பிறந்ததென்றால், உங்கள் மகனை விட அது 10 வாரம் மூத்தது. திருத்திய வயதில் 12 வாரக் குழந்தையைக் கையைப் பிடித்து உட்கார வைத்தால் தலை கொஞ்சம் பின்னால் சாயத்தான் செய்யும். குப்புறப் படுக்க வைத்தால் ஓரிரு நொடியாவது தலையைத் தூக்குகிறானா என்று பாருங்கள். இந்த வயதில் அதுதான் கேள்வி.

ஒன்றே ஒன்றுக்கு இந்தக் கழித்தல் கிடையாது. தடுப்பூசியைப் பிறந்த தேதியிலிருந்து எண்ணித்தான் போட வேண்டும். ‘குறைமாசக் குழந்தைதானே’ என்று தள்ளிப்போட்டிருந்தால் இந்த வாரமே கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள்.

இனி அந்த ரிப்போர்ட். இத்தகைய பரிசோதனைகளுக்கெல்லாம் முன்னோடி, 1973-இல் வெளியான பிரேசல்டன் அளவுகோல். பிரேசல்டன் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய குழந்தை மருத்துவர். பச்சிளங்குழந்தை வெறும் அனிச்சைச் செயல்களின் மூட்டை அல்ல, தன்னைச் சுற்றி நடப்பதற்குப் பதில் சொல்லும் ஓர் ஆள் என்பதுதான் அவருடைய அடிப்படை. அந்த அளவுகோலில் 28 நடத்தைக் கூறுகளும் 18 அனிச்சைகளும் உண்டு. தூங்கும் குழந்தையின் கண்மேல் டார்ச் ஒளியைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள், பக்கத்தில் கிலுகிலுப்பையையும் மணியையும் ஒலிப்பார்கள். முதலில் திடுக்கிடும் குழந்தை, போகப் போக ‘இது ஆபத்தில்லை’ என்று விட்டுவிட்டுத் தூங்க வேண்டும். அப்படிப் பழகிக்கொள்வதுதான் ஹாபிச்சுவேஷன். விழித்திருக்கும்போது சிவப்புப் பந்தையும் முகத்தையும் கண்ணால் தொடர்கிறதா, குரல் வரும் பக்கம் திரும்புகிறதா என்று பார்ப்பது ஓரியன்டேஷன். இவற்றோடு டோன் எனப்படும் தசை இறுக்கம், அசைவின் நயம், அழுகையிலிருந்து தானே அமைதிக்குத் திரும்பும் திறன், ட்ரெமர்ஸ் எனப்படும் நடுக்கம், தோலின் நிற மாற்றம் ஆகியவையும் பார்க்கப்படும்.

உங்கள் ரிப்போர்ட்டில் எதெல்லாம் அந்த மதிப்பைக் கீழே இழுத்திருக்கலாம் என்று சொல்கிறேன். பிறந்து ஆறு வாரத்தில் பரிசோதனை நடந்தது என்றால், அப்போது அவனுக்கு 36 வாரம்தான். பிரேசல்டன் அளவுகோல் நிறைமாதக் குழந்தைகளுக்காக அமைந்தது. 36 வாரத்துப் பிள்ளையை அதில் நிறுத்தினால், ஒளிக்கும் ஒலிக்கும் சீக்கிரம் பழகாததும் பந்தைத் தொடராததும் அந்த வயதின் இயல்பு. கை கால் நடுக்கமும் அந்த வயதில் சாதாரணமாகக் காணப்படுவதுதான்.

அடுத்தது கண் பரிசோதனை. குறைமாதக் குழந்தையின் விழித்திரையைப் பார்க்கச் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரிய வைப்பார்கள், இமையைக் கருவியால் திறந்து வைத்துப் பார்ப்பார்கள். பார்வையைக் காப்பாற்றும் பரிசோதனை அது, தவிர்க்கவே கூடாது. ஆனால் குழந்தைக்கு அது பெரிய சோதனை. விரிந்த கண்மணியோடு இருக்கும் குழந்தை வெளிச்சத்தைத் தாங்க முடியாமல் முகம் சுளிக்கும், பந்தைப் பார்க்காது, அன்று முழுக்கச் சோர்ந்தோ சிணுங்கியோ இருக்கும். அதே நாளில் எடுத்த ஹாபிச்சுவேஷன், ஓரியன்டேஷன் மதிப்புகளை நான் கணக்கில் சேர்க்கவே மாட்டேன். ‘கால்களில் டோன் கொஞ்சம் அதிகம்’ என்பதிலும் அப்போது அழுதுகொண்டிருந்தானா என்று தெரிய வேண்டும். அழும் குழந்தையின் தசை இறுக்கமாகத்தான் இருக்கும். பசி, ரத்தசோகை, பரிசோதனைக்குச் சற்று முன் நடந்த ஊசி, இவையும் மதிப்பைக் குறைக்கும்.

அப்படியானால் இந்தப் பரிசோதனையால் பயனில்லையா என்று கேட்காதீர்கள். நிறைய உண்டு. தனியாக எடுத்த ஒரு மதிப்பை வைத்துப் பின்னாளைய நடையைக் கணிக்க முடியாது, அவ்வளவுதான். பிரேசல்டனே ஒரு தடவை பார்த்து முடிவு சொல்வதை விட, திரும்பத் திரும்பப் பார்த்து மாற்றத்தின் போக்கைக் கவனிப்பதைத்தான் வலியுறுத்தினார். 36 வாரத்தில் குறைந்திருந்த மதிப்பு 40, 44 வாரங்களில் மேலே வந்தால் அது மீண்டு வரும் மூளை. பார்க்கும் ஒவ்வொரு தடவையும் அசைவு விறைப்பாகவோ துவண்டோ, ஒரே மாதிரியாகவோ இருந்தால்தான் அது பின்னாளைய இயக்க வளர்ச்சியோடு சேர்த்து யோசிக்க வேண்டிய அடையாளம்.

தலை ஸ்கேனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கிரேடு 1 என்பது மூளையின் உள்ளறை ஓரத்தில் மட்டும் நின்றுவிட்ட சின்னக் கசிவு. கிரேடு 3, 4 கவலைக்குரிய அளவுக்கு இது கவலைக்குரியது அல்ல. ஆனால் அந்த ஸ்கேன் முதல் வாரத்தில் எடுத்தது. குறைமாதக் குழந்தைகளின் நடையை அதிகம் பாதிக்கும் காயம் மூளையின் வெண்பொருளில், அதாவது நரம்பிழைகள் ஓடும் உட்பகுதியில் ஏற்படுவது. அது சின்னச் சின்ன நீர்க்கொப்புளங்களாக ஸ்கேனில் தெரிய இரண்டு மூன்று வாரமாவது பிடிக்கும். அதனால் முதல் வார ஸ்கேன் நன்றாக இருப்பது மட்டும் போதாது. ஒரு மாதத்திலோ, 40 வாரம் நிறைந்த சமயத்திலோ இரண்டாவது நியூரோசோனோகிராம் (தலை ஸ்கேன்) எடுத்தார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தேடுங்கள். இல்லையென்றால் அடுத்த முறை கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான். உச்சிக்குழி இன்னும் திறந்திருக்கும் வயது என்பதால் இப்போதும் எடுக்கலாம்.

இனி அந்த நான்கு வாரம் என்ன என்று சொல்கிறேன். ஆஸ்திரியாவில் பிறந்து நெதர்லாந்தில் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல் என்ற நரம்பியல் அறிஞர், குழந்தை சும்மா மல்லாந்து கிடக்கும்போது தானாகச் செய்யும் அசைவுகளை வைத்தே மூளையின் நிலையைப் படிக்கும் முறையை உருவாக்கினார். திருத்திய வயதில் 9 வாரத்திலிருந்து 20 வாரம்வரை ஆரோக்கியமான குழந்தையிடம் ஒருவகைச் சிற்றசைவு இருக்கும். கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் என எல்லா மூட்டுகளும் சின்னச் சின்னதாக, எல்லாத் திசையிலும், வட்டமாகச் சுழன்றுகொண்டே இருக்கும். நிபுணர்கள் இவற்றை ஃபிட்ஜெட்டி அசைவுகள் என்பார்கள். மிகத் தெளிவாகத் தெரிவது 12 முதல் 16 வாரத்தில். இவை நன்றாக இருந்தால் பெருமூளை வாதம், அதாவது மூளைக் காயத்தால் அசைவும் நடையும் பாதிக்கப்படும் நிலை, வரும் வாய்ப்பு மிகவும் குறைவு. இல்லவே இல்லையென்றால், இரண்டு வாரம் கழித்தும் வரவில்லையென்றால், அன்றே பயிற்சியைத் தொடங்க வேண்டும். உங்கள் மகன் இன்று சரியாக 12 வாரத்தில் நிற்கிறான்.

இதற்குக் கருவி உங்கள் செல்போன்தான். தரையில் பாயை விரித்து, அதன்மேல் கோடு, பூ எதுவும் இல்லாத வெற்று நிற விரிப்பைப் போடுங்கள். ஏணையில் வைத்து எடுத்தால் துணி உடம்பை மடக்கிவிடும், அசைவு தெரியாது. பால் குடித்து அரை மணி, முக்கால் மணி கழித்து, விழித்து அமைதியாக இருக்கும் நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். டயப்பரும் கையில்லாத மெல்லிய சட்டையும் போதும், முழங்கையும் முழங்காலும் கணுக்காலும் வெளியே தெரிய வேண்டும். கையுறை, காலுறை, கொலுசு, கைவளை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கால்மாட்டில் நின்று, கொஞ்சம் உயரத்திலிருந்து, தலை முதல் பாதம்வரை ஒரே சட்டகத்தில் வரும்படி போனை அசைக்காமல் பிடியுங்கள். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஓட விடுங்கள்.

அந்த நேரத்தில் யாரும் அவனைக் கூப்பிடக் கூடாது, கிலுகிலுப்பை ஆட்டக் கூடாது, வாயில் நிப்பிள் இருக்கக் கூடாது. ஒன்றைக் கவனித்துப் பார்க்கத் தொடங்கிய குழந்தையிடம் இந்தச் சிற்றசைவு அடங்கிவிடும், படம் பயன்படாமல் போகும். வீடியோ கெடுவதற்கு முக்கியக் காரணமே இதுதான்: ஆயாவும் அத்தையும் சுற்றி நின்று “இங்க பாருடா கண்ணு” என்று பாசத்தோடு கொஞ்சுவது. அழுதாலோ விக்கல் எடுத்தாலோ நிறுத்திவிட்டு வேறு நேரம் எடுங்கள். தேதியையும் அன்றைய திருத்திய வயதையும் குறித்து வையுங்கள். படத்தைப் பார்த்து நீங்களே முடிவுக்கு வர வேண்டாம், இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்தான் படிக்க வேண்டும்.

வேலூரில் குழந்தை வளர்ச்சிப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போகும்போது இரண்டு விஷயங்களைப் பெயர் சொல்லியே கேளுங்கள். ஒன்று, இந்த அசைவு மதிப்பீடு. மற்றொன்று ‘ஹாமர்ஸ்மித்’ நரம்புப் பரிசோதனை. அதில் 26 கூறுகள், மொத்த மதிப்பு 78. மூன்று மாதத் திருத்திய வயதில் 57-க்குக் கீழே வந்தால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வோம். இந்த இரண்டும், மூளைப் படமும் சேர்ந்து ஒரே பக்கம் கைகாட்டினால் ஐந்து மாதத் திருத்திய வயதுக்கு முன்பே பெருமூளை வாதத்துக்கு ‘அதிக ஆபத்து’ என்று சொல்லிவிட முடியும். 2017-இல் வந்த சர்வதேசப் பரிந்துரையும் இதைத்தான் சொல்கிறது. ‘ஒரு வயசு வரைக்கும் பொறுத்துப் பாருங்க’ என்று யாராவது சொன்னால், பொறுக்க வேண்டாம்.

தொடை விரியும் கோணம், முழங்கால் பின்புறக் கோணம் ஆகியவற்றையும் அளக்கச் சொல்லுங்கள். மல்லாந்து கிடக்கும் குழந்தையின் இரு தொடைகளையும் மெதுவாக விரித்தால் முதல் மூன்று மாதத்தில் 40 முதல் 80 டிகிரி, நான்கிலிருந்து ஆறு மாதத்தில் 70 முதல் 110 டிகிரி வரும். மாதம் ஏற ஏறக் கோணமும் விரிந்துகொண்டே போக வேண்டும். ஒரே இடத்தில் நின்றாலோ, இடதும் வலதும் தெளிவாக வேறுபட்டாலோதான் அதற்குப் பொருள் உண்டு. குறைமாதக் குழந்தைகளில் சிலருக்கு நான்காம் மாதத்திலிருந்து உடம்பு கொஞ்சம் விறைத்து, தோள் பின்னுக்குப் போய், கால் நீளும். இந்த விறைப்பு பலருக்கு ஒரு வயது, ஒன்றரை வயதுக்குள் தானாகக் குறைந்துவிடும். இது தற்காலிகமானதா நிலைக்கப் போவதா என்பது தொடர்ந்து பார்த்தால்தான் தெரியும். 3, 6, 9, 12, 18, 24 மாதத் திருத்திய வயதுகளில் வரச் சொல்வது அதற்காகத்தான்.

மாமியார் சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயைக் கையில் சூடேற்றி மெதுவாக நீவுவது நல்லது. குழந்தைக்கும் இதம், வீட்டுப் பெரியவர்களுக்கும் அவனோடு ஒரு நேரம். ஆனால் எதிர்க்கை எதிர்க்காலைக் குறுக்கே இழுத்து முட்ட வைப்பது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவது, கழுத்தை உருவுவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, இவை கூடவே கூடாது. கழுத்து நிற்காத குழந்தைக்கு இவற்றால் காயம் வரும், எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். விறைத்த தசையை வெடுக்கென்று இழுத்தால் அது மேலும் விறைக்கும். அதற்கு மேலாக, நாம் இழுத்து மடக்குவதால் மூளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. குழந்தை தானாக முயன்று, தவறி, திரும்ப முயல்வதுதான் மூளைக்குப் பாடம். இதை மாமியாரிடம் சொல்வது உங்களுக்குச் சங்கடமென்றால், அடுத்த முறை அவரையும் அழைத்துப் போய்ப் பயிற்சியாளர் வாயாலேயே கேட்க வையுங்கள். வீட்டில் குழந்தையை அதிக நேரம் தூக்குபவர் அவர்தான் என்றால், பயிற்சி முதலில் சேர வேண்டிய கையும் அவருடையதுதான்.

வீட்டில் செய்யக் கூடியது: விழித்திருக்கும்போது உங்கள் மார்பின்மேல் குப்புறப் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் ஒன்று இரண்டு நிமிடம், ஒரு நாளில் ஐந்தாறு தடவை, பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். உங்கள் முகத்தைப் பார்க்கவே தலையைத் தூக்குவான். பாயில் போடும்போது சுருட்டிய துண்டை அக்குளுக்குக் கீழே வையுங்கள். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாந்துதான். மல்லாந்து விழித்திருக்கையில் தோளுக்குப் பின்னால் சன்னமாக மடித்த துணியைக் கொடுத்தால் இரண்டு கையும் முன்னுக்கு வரும். கைகள் நடுவில் சந்திப்பதும் வாய்க்குப் போவதும் இந்த மாதத்தின் பெரிய வேலை. முகத்தை ஒரு சாணுக்குச் சற்று அதிகத் தூரத்தில் வைத்துப் பேசிவிட்டு, மெதுவாக ஒரு பக்கம் நகர்த்துங்கள். தூக்கும்போது முழங்கால் மடங்கி, முதுகு லேசாக வளைந்து இருக்கட்டும். காலை ஊன்றி மடியில் நிற்க வைத்துக் குதிக்க விட வேண்டாம்.

எதையும் அவன் தாங்கும் அளவுக்குத்தான். விரல்களை அகல விரிப்பது, உடம்பை வில்லாக வளைப்பது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, திரும்பத் திரும்பக் கொட்டாவி, தும்மல், விக்கல், தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது, இவையெல்லாம் ‘போதும்’ என்று அவன் சொல்லும் சொற்கள். உடனே நிறுத்தி, கைகளை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொள்ளுங்கள். இந்த மொழியைப் பெற்றோருக்குக் கற்றுத் தருவதுதான் நடத்தைப் பரிசோதனையின் உண்மையான பயன் என்பது என் கருத்து. உங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து காட்டியிருந்தால், அந்தத் தாள் இவ்வளவு பயமுறுத்தியிருக்காது.

காது கேட்பதைச் சோதிக்கும் ‘பெரா’ பரிசோதனை முடிந்ததா என்று பாருங்கள். என்.ஐ.சி.யூ.வில் இத்தனை நாள் இருந்த குழந்தைக்கு அது கட்டாயம். குரலுக்குத் திரும்பாததைக் கவனக் குறைவு என்று எழுதியிருப்பார்கள், உண்மையில் காதாக இருக்கலாம். கண் மருத்துவர் சொன்ன தவணைகளையும் முழுதாக முடியுங்கள். இரும்புச்சத்துச் சொட்டும் வைட்டமின் டியும் எழுதிக் கொடுத்த அளவில் தொடரட்டும். மலம் கறுத்துப் போனால் பயப்பட வேண்டாம், இரும்பின் நிறம் அது.

இனி வரும் மாதங்களில் எதைப் பார்க்க வேண்டும்? திருத்திய வயதில் நான்கு மாதம் தாண்டியும் கட்டைவிரலை உள்ளே வைத்துக் கை மூடியே இருப்பது, துணி மாற்றும்போது தொடை விரியாமல் கத்தரிக்கோல் போலக் குறுக்கே போவது, ஒரு வயதுக்கு முன்பே எதையும் ஒரே கையால் மட்டும் எடுப்பது, ஒன்பது மாதம் தாண்டியும் தானாக உட்காராதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த தவணைக்குக் காத்திராமல் போங்கள். இதில் ஒரு கையால் மட்டும் எடுப்பதைத்தான் ‘இடதுகைக்காரன்’ என்று சிரித்துவிட்டு விட்டுவிடுகிறோம். ஒரு வயதுக்குள் கைவாகு வராது. தவழாமலேயே நடந்துவிடும் குழந்தைகளும் உண்டு, அது தனியாகக் கவலைக்குரியதல்ல. ஆரோக்கியமான குழந்தைகள் தனியாக நடக்கத் தொடங்குவது சுமார் 8 மாதத்திலிருந்து 17 மாதம் தாண்டும்வரை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு. உங்கள் மகனுக்கு அதை நிறைமாதத் தேதியிலிருந்து எண்ண வேண்டும். உட்கார வைத்து உருட்டும் வட்ட வாக்கரை யார் வாங்கித் தந்தாலும் வேண்டாம், அது நுனிக்காலில் உந்தப் பழக்கும். அவனே எழுந்து நின்றபின் பிடித்துத் தள்ளும் மர நடைவண்டி நல்லது.

30 வாரத்தில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் நடக்கிறார்கள். உங்கள் கடிதத்தில் உள்ளவற்றில் இதற்கு எதிராக உறுதியாக நிற்பது எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் சிலருக்குப் பள்ளி வயதில் பட்டன் போடுவது, எழுதுவது, பந்து பிடிப்பது போன்ற நுண்வேலைகளில் தடுமாற்றம் வரலாம். ஆகவே நடந்துவிட்டான் என்றதும் பின்தொடர்வை நிறுத்திவிடாதீர்கள்.

செலவையும் கணவரின் லீவையும் நினைத்து ஒரு வார்த்தை. 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில், மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளோடு சேர்ந்து ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. பேச்சுவழக்கில் ‘டி.இ.ஐ.சி.’. பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் கட்டணம் இல்லை. உங்கள் ஊர் செவிலியரோ அங்கன்வாடி ஊழியரோ அனுப்புச் சீட்டுத் தருவார். போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் தாள்கள், கண், காது ரிப்போர்ட், தடுப்பூசி அட்டை, செல்போன் வீடியோ எல்லாம் கையில் இருக்கட்டும். நம் வேலூர் வெயிலில் பஸ் ஏறி நண்பகலில் போய்ச் சேர்ந்தால் குழந்தை வாடித் தூங்கிவிடும், பரிசோதனை மறுபடியும் ‘புவர்’ என்றுதான் வரும். விடியலில் கிளம்பி, அங்கே போய் ஒரு தடவை பால் கொடுத்து, அவன் விழித்து அமைதியாக இருக்கும்போது உள்ளே போங்கள். அவன் பசியிலோ அழுகையிலோ இருந்தால் “கொஞ்சம் பொறுத்துப் பாருங்க” என்று தயங்காமல் சொல்லுங்கள்.

ஒன்றுக்கு மட்டும் எந்தத் தவணைக்கும் காத்திருக்காதீர்கள். இரண்டு கைகளும் திடீரென விரிந்து, தலை முன்னால் குனிந்து, உடம்பு மடங்கி, சில நொடி விட்டு மறுபடியும் அதே போல, அடுத்தடுத்துப் பல தடவை வந்தால், குறிப்பாகத் தூங்கி எழும் நேரத்தில் வந்தால், அது திடுக்கிடலும் இல்லை, வயிற்று வலியும் இல்லை. இந்த வயதில் வரும் ஒருவகை வலிப்பு. ஒரு நிமிடம் வீடியோ எடுத்துக்கொண்டு, அன்றைக்கே, இரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.